கயிற்றுக்கு அந்தப் பக்கம்

எனக்குக் கோபம் வந்தால் முதலில் காது சூடாகும், அதற்குப் பிறகுதான் வாய் திறக்கும். வீட்டில் என் கணவருக்கும் தெரியும், பள்ளியில் என் பிள்ளைகளுக்கும் தெரியும். "டீச்சர் காது செவந்துட்டுடே" என்று பின் பெஞ்சில் யாராவது சொன்னால் போதும், வகுப்பு கப்சிப் ஆகிவிடும். வழக்கமாக மத்தியானச் சாப்பாட்டுக்குள் ஆறிவிடுகிற கோபம்தான். அந்த வாரம் வந்தது மட்டும் இன்னும் ஆறவில்லை.

தூத்துக்குடிக்கு வடக்கே ஒரு கடற்கரை ஊரில் தொடக்கப் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். பிறந்தது சாத்தான்குளம் பக்கம். கடல் என்றால் லீவுக்குப் போய்க் கால் நனைத்து வருகிற இடம் என்றுதான் கல்யாணம் ஆகும்வரை எனக்குத் தெரியும். இப்போது வீடு டவுனில், தினமும் பஸ்ஸில் போய்வருகிறேன். என் பொறுப்பில் இரண்டாம் வகுப்பு. எல்லாம் ஏழு வயசு வாண்டுகள்.

போன வருஷம் டவுனில் ஒரு கம்பெனி, கடற்கரைப் பள்ளிகளில் சின்னப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து ஓட்டம், தாண்டுதல் எல்லாம் பழக்கப் போவதாக அறிவித்தது. சனிக்கிழமைதோறும் வேன் வந்து கூட்டிப் போகும், டவுன் மைதானத்தில் பயிற்சி, பாலும் முட்டையும் உண்டு, ஆளுக்கு ஒரு ஜோடி ஷூவும் உண்டு. ஷூ என்றதும் வகுப்பில் ஒருத்திக்குத் தலைகால் புரியவில்லை.

அவளை நான் பாண்டிக்காரி என்று கூப்பிடுவேன். தெருவில் பாண்டி கட்டம் போட்டு நொண்டியடிப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. அப்பா வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறவர். இவள் பள்ளிக்கு நடந்து வந்து நான் பார்த்ததே இல்லை, ஓட்டம்தான். சாப்பாட்டு மணி அடித்தால் தட்டோடு முதலில் போய் நிற்பதும் இவள்தான். பையன்களும் அதைப் பழகிக்கொண்டு இவளுக்குப் பின்னால் வரிசை கட்டுவார்கள். அறிவிப்பு வந்த நாளிலிருந்து தினம் என்னிடம் ஒரு கேள்வி. வேன் கோயில் முன்னால் நிற்குமா, பள்ளிக்கூடத்து வாசலில் நிற்குமா. ஷூவுக்குள் மணல் போனால் என்ன செய்வது. ஷூ போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போகலாமா. தேர்வு நடப்பதற்கு முன்பே அவள் மனசால் அந்த வேனில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

எங்கள் பள்ளி விளையாட்டைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. எங்களிடம் இருப்பது ஒரே ஒரு பந்து. அது பையன்களுடையது என்று யாரும் எழுதி ஒட்டவில்லை, ஆனால் அப்படித்தான். விளையாட்டு நேரத்தில் அவர்கள் மைதானத்துக்குப் போவார்கள். பெண் பிள்ளைகள் வேப்பமர நிழலில் உட்கார்ந்து பாட்டுப் பாடுவார்கள். பந்து நிழலுக்கு உருண்டு வந்தால் ஒருத்தி எழுந்து, எடுத்து, நடந்துபோய்க் கையில் கொடுத்துவிட்டு வருவாள். எறிய மாட்டாள். எறி என்று அவளிடம் யாரும் சொன்னதில்லை. ஆண்டு விழாவிலும் பையன்களுக்கு ஓட்டப் பந்தயம், பெண் பிள்ளைகளுக்குக் கரண்டியை வாயில் கவ்வி அதில் எலுமிச்சம்பழம் வைத்து நடக்கிற போட்டி. அதில் ஓடினால் தோல்வி. மெதுவாக, ஆடாமல், வாயைத் திறக்காமல் போகிறவளுக்கு ஒரு டிபன் பாக்ஸ் பரிசு. இதை யோசித்துக் கண்டுபிடித்த மனிதர் யாரென்று தெரிந்தால் நேரில் போய் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வருவேன்.

பெண் பிள்ளைகளையும் ஓட விடலாமே என்று தலைமை ஆசிரியரிடம் கேட்டதுண்டு. நல்ல மனிதர், சீக்கிரமே ஓய்வு பெறப் போகிறவர், வம்பு வேண்டாம் என்று இருக்கிறவர்.

"பொம்பளப் பிள்ளைவ விழுந்து மூஞ்சில காயம் பட்டுட்டுன்னா யாரு டீச்சர் பதில் சொல்லுதது?"

"பையன் மூஞ்சில பட்டா சார்?"

"அது ஆறிரும் டீச்சர்."

பெண் பிள்ளை முகத்தில் பட்ட காயம் மட்டும் ஆறாது போலிருக்கிறது. பள்ளி விட்ட பிறகும் இதே கதைதான். பையன்கள் கரைக்குப் போய்விடுவார்கள். வள்ளத்திலிருந்து தண்ணீரில் குதிப்பார்கள், கயிறு இழுப்பார்கள், இருட்டும்வரை கடலைப் பார்த்துக் கல் எறிவார்கள். பெண் பிள்ளைகளுக்குக் கிடைப்பது வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே இருக்கிற சந்து. அதில் ஓட முடியாது, எறியவும் முடியாது, ஒற்றைக் காலில் நொண்டத்தான் முடியும். கிடைத்த இடத்துக்குத் தக்கபடி உடம்பு பழகிக்கொள்கிறது. இதைக் கண்டுபிடிக்க ஆராய்ச்சி ஒன்றும் வேண்டாம், சாயங்காலம் ஒரு தடவை அந்த ஊரைச் சுற்றி வந்தாலே போதும்.

தேர்வுக்கு வந்த கோச் சின்ன வயசுக்காரர். தொப்பி, விசில், கழுத்தில் ஸ்டாப் வாட்ச் எல்லாம் இருந்தது. பிள்ளைகளிடம் சிரித்த முகமாகத்தான் பேசினார். முதலில் ஓட்டம் வைத்தார். பாண்டிக்காரி எல்லாப் பையன்களையும் பின்னால் விட்டுவிட்டு வந்து நின்றாள். கோச் புருவத்தைத் தூக்கினார், எனக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்தது பந்து எறிதல். பையன்கள் பக்கவாட்டில் நின்று, இடுப்பை முறுக்கி, தோளிலிருந்து எறிந்தார்கள். பெண் பிள்ளைகள் இரண்டு காலையும் சேர்த்து நேராக நின்று, முழங்கையை மடக்கி, பந்தைக் கீழே வைக்கிற மாதிரி விட்டார்கள். பாண்டிக்காரியின் பந்தும் அவள் காலடியிலேயே விழுந்து உருண்டது.

பிறகு ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார். பையன்கள் ஆடி ஆடி ஒருவர்மேல் ஒருவர் விழுந்து சிரித்தார்கள். பெண் பிள்ளைகள் நின்றார்கள். பாண்டிக்காரி ஒரு காலில் நின்றபடியே கலைந்த ரிப்பனை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டாள். கோச் விசில் அடித்து நிறுத்தினார்.

"இதுக்கு எவ்வளவு மார்க் சார்?" என்று கேட்டேன்.

"இது சும்மா வார்ம் அப் டீச்சர். செலக்‌ஷனுக்குச் சேராது."

பையன்களுக்கு வருவது மட்டும் பரீட்சை, பெண் பிள்ளைகளுக்கு வருவது வார்ம் அப். காது லேசாகச் சூடாகத் தொடங்கியது. இருந்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டேன், அடுத்தது தாண்டுதல்தானே, நொண்டிப் பழகிய கால்கள் தாண்டாமலா போகும் என்று.

மணலைக் கொத்திப் போட்டிருந்தார்கள். எங்கிருந்து தாண்ட வேண்டும் என்று காட்ட கோச்சுக்கு ஒரு அடையாளம் வேண்டியிருந்தது. சுற்றுச்சுவர் ஓரத்தில் பழைய கயிறு ஒன்று கிடந்தது. வலையின் மேல் விளிம்பில் ஓடுகிற கயிறு, மிதவை இரண்டு அதில் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்து மணலுக்கு முன்னால் குறுக்கே நீட்டிப் போட்டார். ஓடி வர வேண்டும், கயிற்றை மிதிக்காமல் அதற்கு முன்னாலிருந்து எழும்பித் தாண்ட வேண்டும். பையன்கள் ஒருவன் பின் ஒருவனாக வந்து மணலில் விழுந்தார்கள்.

பெண் பிள்ளைகள் முறை வந்தது. முதல் பிள்ளை ஓடி வந்து கயிற்றுக்கு முன்னால் நின்றுவிட்டாள். இரண்டாவது பிள்ளையும் அப்படியே. மூன்றாவது வந்தவள் உப்பளத்து வேலைக்காரர் மகள், ஒரே தாவலில் அந்தப் பக்கம் போய் விழுந்தாள். அடுத்தவள் கயிற்றின் நுனிவரை நடந்துபோய், அதைச் சுற்றிக்கொண்டு மணலுக்குள் வந்தாள். கோச் விசிலை ஊதிக்கொண்டே இருந்தார். பாண்டிக்காரி வந்தாள். அவ்வளவு வேகமாக வந்த பிள்ளை, கயிற்றுக்கு ஒரு சாண் இருக்கும்போது இரண்டு காலையும் ஊன்றி நின்றாள். முன்னால் சாயப் போன உடம்பைக் கையை விரித்துப் பின்னால் இழுத்துக்கொண்டாள். அப்படி நிற்பதற்கே என்ன பலம் வேண்டும் தெரியுமா?

"தாண்டும்மா," என்றார் கோச்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு சுற்றிக்கொண்டு போனாள்.

கோச் என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, ஏதோ எனக்கு நல்லது சொல்கிற மாதிரிச் சொன்னார். "கால்ல பவர் இல்ல டீச்சர், பயமும் ஜாஸ்தி. கேர்ள்ஸ்னா இந்த வயசுலயே வித்தியாசம் தெரிஞ்சிரும். பாடி அப்படி. நாம ஒண்ணும் செய்ய முடியாது."

அவளைத் தனியாகக் கூப்பிட்டு, ஏன் தாண்டவில்லை என்று கேட்டேன். இது தெரியாதா என்பது போலப் பார்த்தாள்.

"அது வலைக் கயிறுல்லா டீச்சர். பொம்பளப் பிள்ளைவ வலையத் தாண்டக் கூடாது. தாண்டுனா பாடு இருக்காது. அப்பா கடலுக்குப் போயிருக்காவ."

பாடு என்றால் மீன்பாடு, வலையில் விழுகிற மீன். அந்த ஊரில் சில வீடுகளில் இப்படி ஒரு வழக்கம் உண்டென்று அரசல் புரசலாகக் கேள்விப்பட்டிருக்கிறேன். வாசலில் வலை விரித்துக் காயப் போட்டிருந்தால் பையன்கள் எகிறிக் குதித்துப் போவதையும், பெண்கள் ஓரமாகச் சுற்றிப் போவதையும் தினம் பார்த்திருக்கிறேன். அது ஏழு வயசுப் பிள்ளையின் காலுக்குள் இவ்வளவு ஆழமாக இறங்கியிருக்கும் என்று நான் நினைக்கவில்லை. உப்பளத்துப் பிள்ளை தாண்டியதற்குக் காரணமும் இப்போது விளங்கியது. அவள் அப்பாவுக்குக் கடலும் இல்லை, வலையும் இல்லை.

கோச்சிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். குரல் கொஞ்சம் உயர்ந்துதான் இருந்திருக்கும், தலைமை ஆசிரியர் அறையை விட்டு வெளியே வந்துவிட்டார். அந்தப் பிள்ளைகளின் காலைச் சோதிக்கிறீர்களா, அவர்கள் அப்பாமார்மேல் வைத்திருக்கிற பாசத்தைச் சோதிக்கிறீர்களா என்று கேட்டேன். கோச்சுக்குச் சிரிப்பு வந்தது. "இன்னும் இதெல்லாம் நம்புறாங்களா?" என்றார். அப்புறம் பெரிய மனசு பண்ணுகிற தோரணையில், வெள்ளிக்கிழமை ஷூவுக்குக் கால் அளக்க வருவதாகவும், அன்றைக்கு அந்த ஒரு பிள்ளையை மட்டும் இன்னொரு தடவை பார்ப்பதாகவும் சொன்னார். கயிறு வேண்டாம், சுண்ணாம்பில் கோடு போட்டுக்கொள்ளலாம் என்றார். மற்ற பெண் பிள்ளைகளையும் பார்க்கச் சொன்னேன். நேரம் இல்லை என்றார்.

தேர்வு நடந்தது புதன்கிழமை. வியாழக்கிழமை பள்ளி லீவு. வீட்டில் உட்கார முடியாமல் பஸ் ஏறினேன். அவள் அப்பா அம்மாவிடம் பேசி வைக்க வேண்டும், வெள்ளிக்கிழமை எந்தத் தடையும் வந்துவிடக் கூடாது என்பதுதான் என் எண்ணம்.

அவள் அப்பா வாசல் மணலில் வலையை விரித்துக் கிழிசல் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்துவிட்டார். "வாங்க டீச்சர். இங்கன ஓரமா சுத்தி வாங்க," என்றார். நாலடி எடுத்து வைத்தால் வீட்டு வாசல். நானும் சுற்றித்தான் போனேன். அவர்கள் வீட்டு வாசல், அவர்களுடைய சோறு. அதை மிதிக்க நான் யார்?

நான் வாயைத் திறப்பதற்கு முன்பே அவர்களுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. புதன்கிழமை மத்தியானமே பிள்ளைகள் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார்கள். சாயங்காலம் அப்பா கரைக்கு வந்தபோது வள்ளத்தில் நல்ல பாடு. பல நாளாக அப்படி ஒரு பாடு இல்லையாம். இவள் தாண்டாமல் நின்றதையும் வள்ளம் நிறைந்ததையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டார்கள்.

"சொல்லிக் கொடுத்தத மறக்கல டீச்சர்," என்றாள் அவள் அம்மா. முகம் மலர்ந்திருந்தது. "அத்தன பேரு பாக்காவ, விசில் அடிக்காவ, எம் பிள்ள அசையலியே. நேத்து அவளுக்குத்தான் மொத மீனு பொரிச்சு வச்சேன்."

பக்கத்து வீட்டுப் பெண் சுவருக்கு மேலே தலையை நீட்டி, "ஏளா, ஒம் மவ புண்ணியத்துலதான் நேத்து எல்லாரு வீட்லயும் கொழம்பு மணந்துச்சு," என்றாள்.

பாண்டிக்காரி கதவில் சாய்ந்து நின்று ஒவ்வொரு வார்த்தையையும் கேட்டுக்கொண்டிருந்தாள். ஓட்டத்தில் எல்லாப் பையன்களையும் ஜெயித்தாளே, அதை அந்த வீட்டில் யாரும் பேசவில்லை. நான்தான் சொன்னேன். "அப்படியா டீச்சர்" என்று இரண்டு பேரும் சிரித்துவிட்டு மறுபடி கயிற்றுக்கே போய்விட்டார்கள்.

"பையன்கள் மட்டும் தாண்டலாமா அண்ணே?" என்று அவள் அப்பாவிடம் கேட்டேன்.

"ஆம்பளப் பயலுவ தாண்டலாம் டீச்சர்."

"அது ஏன்?"

கொஞ்ச நேரம் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். "அது அப்படித்தான் டீச்சர், எங்கப்பா காலத்துலருந்தே," என்றார்.

அவரிடம் சண்டை போடலாம் என்றுதான் போயிருந்தேன். சண்டை போட அவர் இடமே கொடுக்கவில்லை. வேனில் அனுப்பச் சம்மதமா என்று கேட்டால், "தாராளமாப் போட்டும் டீச்சர், ஓடட்டும், நல்லா வரட்டும்," என்கிறார். வெள்ளிக்கிழமை கயிறு கிடையாது, வெறும் கோடுதான் என்றேன். "கோடுன்னா என்ன, தாண்டட்டுமே," என்கிறார். மகள்மேல் உயிரையே வைத்திருக்கிற மனிதர். அவளை யாரும் அடிக்கவில்லை, தடுக்கவில்லை, பூட்டி வைக்கவில்லை. ஒரு பெரிய வள்ளத்தையும் அதில் போகிற ஆட்களையும் அத்தனை வீட்டுக் குழம்பையும் தூக்கி அவள் காலில் கட்டிவிட்டு, எவ்வளவு நல்ல பிள்ளை என்று கன்னத்தைக் கிள்ளினார்கள், அவ்வளவுதான். கடலில் பாடு இல்லாமல் போக ஆயிரம் காரணம் இருக்கிறது. காற்று, நீரோட்டம், பெரிய விசைப்படகுகள் மீனை வாரிக்கொண்டு போவது. இதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டியவர்கள் எங்கேயோ சொகுசாக இருக்கிறார்கள். ஏழு வயசுப் பிள்ளை காலைத் தூக்கினால் மட்டும் மீன் ஓடிவிடும். பஸ்ஸில் திரும்பும்போது ஜன்னல் கம்பியை எவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தேன் என்றால், இறங்கும்போது உள்ளங்கையில் துரு ஒட்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் நானே போய், கொத்திப் போட்டிருந்த மணலைக் கிளறிச் சமப்படுத்தினேன். கயிற்றைச் சுவருக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்ப் போடச் சொன்னேன். கோச் சுண்ணாம்புப் பொடியில் ஒரு வெள்ளைக் கோடு இழுத்தார். பாண்டிக்காரி பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்து நின்றாள். வரும்போதே என்னிடம், "ஷூ என்ன கலரு டீச்சர்?" என்று கேட்டுவிட்டுத்தான் போனாள். அவளுக்கு அந்த ஷூ வேண்டும். அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

விசில் அடித்தது. ஓடி வந்தாள். அவள் ஓட்டத்தைப் பார்த்து கோச்சே ஒரு அடி பின்னால் நகர்ந்தார். கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் நின்றாள். நின்று, கோட்டைக் குனிந்து பார்த்து, அதன் நுனிவரை நடந்து, சுற்றிக்கொண்டு மணலுக்குப் போய் நின்றாள்.

கோச் என்னைப் பார்த்துத் தோளைக் குலுக்கினார். நான் அவளிடம் ஓடினேன்.

"ஏம் பிள்ள, அது கயிறு இல்லியே. கோடுதானே?"

"கோடுதான் டீச்சர்."

"அப்போ தாண்ட வேண்டியதுதானே?"

"அப்பா இன்னிக்கும் கடலுக்குப் போயிருக்காவ," என்றாள். எனக்குப் புரியவில்லை என்று நினைத்தாளோ என்னவோ, பொறுமையாக விளக்கினாள். "தாண்டாம இருந்தா நல்லதுதான டீச்சர்?"

அவள் முகத்தில் தோற்ற வருத்தம் இல்லை. புதன்கிழமை வீட்டில் கிடைத்த பாராட்டை நானும் தருவேன் என்று என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு ஊரையே கூப்பிட்டு நிறுத்தி வைத்துக் கத்த வேண்டும் போலிருந்தது. ஆனால் எதிரில் நின்றது அவள் மட்டும்தான். அவளிடம் கத்த எனக்கு என்ன இருக்கிறது?

தேர்வானவர்களை வராந்தாவில் உட்கார வைத்து, கோச் ஒவ்வொரு காலாக அளக்கத் தொடங்கினார். எல்லாரும் பையன்கள், உப்பளத்துப் பிள்ளை ஒருத்தியைத் தவிர. பையன்கள் செருப்பைக் கண்ட இடத்தில் உதறிவிட்டு முண்டியடித்துக்கொண்டு ஏறியிருந்தார்கள். பாண்டிக்காரி படிக்குக் கீழே வந்தாள். யாரும் சொல்லாமலே குனிந்து, சிதறிக் கிடந்த செருப்புகளைப் பொறுக்கி, ஜோடி சேர்த்து வரிசையாக வைக்க ஆரம்பித்தாள்.

கோச் நிமிர்ந்து பார்த்தார். "நல்ல பொண்ணு டீச்சர் இது," என்றார்.

அது அவள் காதிலும் விழுந்தது. அடுத்த ஜோடியை இன்னும் நேராக வைத்தாள்.